பெயரைச் சொன்ன பிறகு என்ன சொல்வது?

ஆங்கில வகுப்பு புதிதாகத் தொடங்கும் நாளில் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரே பயிற்சியைத்தான் கையில் எடுக்கிறார்கள். முதல் வரிசையின் ஓரத்தில் இருப்பவர் எழுந்து தன்னை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும், பிறகு அடுத்தவர், பிறகு அதற்கடுத்தவர். 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிற நான், இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அறிமுகப் பயிற்சியை மிகவும் மதிப்பதால்தான் இப்படிச் சொல்கிறேன். ஒரு மாணவர் இன்னொரு மொழியில் தன்னைப் பற்றித் தானே பேசும் முதல் வாய்ப்பு அது. அதில் ஏற்படும் கூச்சமோ துணிவோ அந்த ஆண்டு முழுவதும் அவரோடு வரும்.

வரிசையாக எழுந்து பேசும்போது வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுக் கவனித்தாலே சிக்கல் புரிந்துவிடும். தன் முறை நெருங்குவதை உணர்ந்த மாணவி தனக்கு முன்னால் பேசுகிறவர்களைக் கேட்பதில்லை. சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனத்துக்குள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேசி முடித்து அமர்ந்த மாணவனோ, தான் சொன்னதில் பிழை இருந்ததா என்ற யோசனையில் அடுத்து வருபவர்களைத் தவறவிடுகிறான். இது எங்கள் வகுப்பில் மட்டும் நடப்பதன்று. மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வட்டமாக அமர்ந்து ஒருவர் பின் ஒருவராகச் சொற்களை உரக்கப் படித்தவர்களுக்கு, தம் முறைக்குச் சற்று முன்பு மற்றவர்கள் படித்த சொற்கள் மிகக் குறைவாகவே நினைவில் நின்றன என்று தெரியவந்தது. ஆகவே, எல்லோரும் வரிசையாகப் பேசும் வகுப்பில் கேட்பவர் என்று சொல்லத்தக்கவர் ஆசிரியர் ஒருவர் மட்டுமே. அவரும் பெரும்பாலும் பிழைகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்க ஆளில்லாத இடத்தில் நின்றுகொண்டு தன்னம்பிக்கையோடு பேச யாரால் முடியும்?

எனவே, நான் பயிற்சியைப் பேசுபவரிடமிருந்து தொடங்குவதில்லை, கேட்பவரிடமிருந்து தொடங்குகிறேன். தன்னம்பிக்கையை அறிவுரையாக ஊட்டிவிட முடியாது. சொல்வதற்குத் தனக்கே உரிய செய்தி ஒன்று இருந்து, அதைக் கேட்க விரும்பும் ஒரு முகம் எதிரே இருந்து, அதையே சிலமுறை சொல்லிப் பார்க்க வாய்ப்பும் கிடைத்துவிட்டால், எந்த ஊக்க உரையும் இல்லாமலே அது வந்து சேர்வதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

இந்த வயதுக்கே உரிய ஒரு கடினத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எட்டு வயதுக் குழந்தை தனக்குத் தெரிந்த நான்கு ஆங்கிலச் சொற்களையும் உற்சாகமாகக் கத்திச் சொல்லிவிட்டு ஓடிவிடும். அதே குழந்தை பதினான்கு வயதில் அந்த நான்கு சொற்களைச் சொல்லுமுன் நான்கு திசையிலும் பார்க்கிறது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் எழுதிய கட்டுரையில் இதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயரிட்டார்: தன்னை எல்லோரும் எப்போதும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பதின்பருவத்தினர் உள்ளூர நம்புவதைத்தான் அவர் அப்படிக் குறித்தார். அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு மிகையானது என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்றை தாமஸ் கிலோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்டார்கள். அணிந்துகொள்ளக் கூச்சமாக இருக்கும் ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை ஒரு மாணவரை அணியச் செய்து, மற்ற மாணவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். இப்படிப் போய் வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழக் கால்வாசிப் பேர்தான்.

அறிமுகப் பயிற்சிக்கு முன்பாக இந்த ஆய்வை மாணவர்களிடம் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதினரிடம் 'யாரும் உன்னைப் பார்க்கவில்லை, பயப்படாமல் பேசு' என்றால் நம்ப மாட்டார்கள். ஆனால் சோதனை எப்படி நடத்தப்பட்டது, என்ன விடை வந்தது என்று எடுத்துச் சொன்னால் ஆர்வத்தோடு வாதம் செய்வார்கள். அந்த வாதத்தின் நடுவில் யாராவது ஒருவர், நேற்று பக்கத்தில் இருந்தவர் செய்த உச்சரிப்புப் பிழை ஒன்றையாவது தன்னால் நினைவுகூர முடியவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வார். அது ஆசிரியர் வாயிலிருந்து வருவதைவிட மாணவர் வாயிலிருந்து வரும்போதுதான் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது.

அதற்கடுத்த கடினம் இன்னும் ஆழமானது. மொழிக் கல்வி ஆய்வாளர் எலைன் ஹோர்விட்ஸ் தம்முடன் இருவரைச் சேர்த்துக்கொண்டு 1986-இல் மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் பாதித்த கருத்து ஒன்று உண்டு: தாய்மொழியில் தன்னை அறிவும் முதிர்ச்சியும் உள்ளவராக உணரும் ஒருவர், புதிய மொழியில் பேச நேரும்போது அந்தத் தன்மதிப்பே ஆட்டம் காண்கிறது என்பதுதான் அது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தாய்மொழியில் நீதி, அநீதி, நட்பின் துரோகம், விண்வெளி, விளையாட்டின் நுணுக்கம் என்று எதைப் பற்றியும் மணிக்கணக்கில் விவாதிக்க வல்லவளாக இருப்பாள். அவளையே எழுந்து நிற்கச் சொல்லி, 'மை ஹாபி இஸ் லிசனிங் டு மியூசிக்' என்று சொல்ல வைத்தால், அவள் தன்னை ஆறு வயதுக் குழந்தையாகச் சுருக்கிக் காட்டும்படி நாம் கேட்கிறோம். அவள் குரல் தாழ்வதற்கு ஆங்கிலம் தெரியாததைவிட அந்தச் சுருக்கம்தான் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே, என் நேரத்தில் பெரும்பகுதியை உச்சரிப்புக்கோ உடல்மொழிக்கோ செலவிடாமல், என்ன சொல்வது என்பதற்கே செலவிடுகிறேன். பெயர், வயது, வகுப்பு, பெற்றோரின் தொழில், பொழுதுபோக்கு, எதிர்கால இலட்சியம் என்று வழிவழியாக வரும் பட்டியலை முதலில் ஓரம்கட்டிவிடுகிறோம். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த செய்திகளை எல்லோரிடமும் மறுபடி சொல்வதில் பேசுபவருக்கும் பயனில்லை, கேட்பவருக்கும் பயனில்லை. பெற்றோரைப் பற்றிய வரியை நான் கட்டாயமாகவே நீக்கிவிடுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளை, வீட்டில் வேலை போன துயரத்தைச் சுமந்து வந்த பிள்ளை, தன் குடும்பத்தைப் பற்றிப் பேச விரும்பாத பிள்ளை என ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது இருப்பார்கள். ஆங்கிலம் கற்பிக்கிறேன் என்ற பெயரில் அவர்களை நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்லவோ மறைக்கவோ தள்ளுவதற்கு நமக்கு உரிமை இல்லை. தன்னைப் பற்றி எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதும் அறிமுகத்தின் ஒரு பகுதி என்று அவர்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அந்தப் பட்டியலின் இடத்தில், வகுப்பில் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒரே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். அது சாதனையாக இருக்க வேண்டியதில்லை. சாதனையாக இல்லாதிருந்தால் இன்னும் நல்லது. அடுத்து, அந்தச் செய்தியை மெய்ப்பிக்கும் சிறு நிகழ்ச்சி ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன். இதை முதலில் தாய்மொழியிலேயே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கலாம். அந்த நிலையில் ஆங்கிலத்தை வற்புறுத்தினால், தெரிந்த ஆங்கிலத்துக்கு ஏற்றபடி எண்ணத்தை வெட்டிக்கொள்வார்கள். எண்ணம் உருவான பிறகு, அதற்குத் தேவையான ஆங்கிலத்தைத் தேடித் தருவது எளிது.

ஒரு மாணவன் பழைய மிதிவண்டிகளைப் பழுதுபார்ப்பவன். பழைய முறைப்படி அவன் 'மை ஹாபி இஸ் சைக்கிளிங்' என்றுதான் சொல்லியிருப்பான். பழுதுபார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கண்டுகொண்ட பிறகு அவன் தயாரித்தது இவ்வளவுதான்: 'ஐ ரிப்பேர் ஓல்ட் சைக்கிள்ஸ். லாஸ்ட் மன்த் ஐ ஃபிக்ஸ்ட் மை சிஸ்டர்ஸ் பிரேக். இட் வொர்க்ஸ், பட் இட் ஸ்க்ரீம்ஸ்.' மூன்று வாக்கியங்களில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடைசி வாக்கியத்தில் வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனைப் பார்த்து வந்ததன்று, அவனோடு சேர்ந்து வந்தது. தான் ஆங்கிலத்தில் சொன்ன ஒன்றுக்கு ஆங்கிலம் புரிந்து பிறர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டான். அதற்குப் பிறகு அவனிடம் குரலை உயர்த்திப் பேசு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாக்கியங்களைத் தொடங்க உதவும் சில சொற்றொடர்களைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறேன். 'பீப்பிள் திங்க் ஐ ஆம் கொயட், பட்…' என்பது கூச்ச சுபாவமுள்ளவர்களுக்கு மிகவும் பிடித்தது. 'ஐ கேன் டாக் ஃபார் ஹவர்ஸ் அபவுட்…' என்பது ஏதேனும் ஒன்றில் தீவிர ஈடுபாடு உள்ளவர்களுக்கு. 'ஐ ஆம் ஸ்டில் லேர்னிங் டு…' என்பது முழுமையடையாத ஒன்றைக் கூச்சமின்றிச் சொல்ல வழிவிடுகிறது. இவற்றுள் நான் மிகவும் மதிப்பது 'ஆஸ்க் மி அபவுட்…' என்று முடிக்கும் முறை. பழைய அறிமுகங்கள் 'தேங்க் யூ' என்று சொல்லிவிட்டு ஓடி அமர்வதில் முடிந்தன. 'ஆஸ்க் மி அபவுட்…' என்று முடித்தால், பேசியவர் தான் நன்கறிந்த பக்கத்துக்கே கேட்பவரை அழைத்துச் செல்கிறார். அடுத்து வரும் கேள்வி எதைப் பற்றியது என்பது அவருக்கு முன்பே தெரியும். பதில் சொல்லும்போது இருக்கும் நிதானத்துக்கு அதுவே காரணம். ஐரோப்பிய மொழித்திறன் அளவீட்டுச் சட்டகம், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதைத் தொடக்க நிலையான ஏ1-இல் வைக்கும்போது, தன்னைப் பற்றிய கேள்விகளைக் கேட்பதையும் அவற்றுக்கு விடை சொல்வதையும் அதே வரியில் சேர்த்தே வைத்திருக்கிறது. அறிமுகத்தைத் தனியுரையாக மாற்றியது நாம்தான்.

எழுதிப் படிப்பதா, மனப்பாடமா என்ற கேள்வி எப்போதும் எழும். முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்வதை நான் அனுமதிப்பதில்லை. மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நழுவுகிறது. அந்த வெறுமையில் நிற்கும் சில நொடிகள் ஒரு பிள்ளையைப் பல மாதங்களுக்குப் பேசவிடாமல் செய்யப் போதுமானவை. சிறிய அட்டையில் ஐந்து சொற்கள், அதற்குமேல் இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளச் சொல்கிறேன், ஏனென்றால் பதற்றம் உச்சத்தில் இருப்பது அந்த முதல் சில நொடிகளில்தான்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். மொழி கற்பித்தல் துறையில் நான்கு, மூன்று, இரண்டு என்று அறியப்படும் ஒரு முறை இருக்கிறது. கீத் மாரிஸ் 1983-இல் விவரித்த இதை, பால் நேஷன் 1989-இல் ஆராய்ந்து எழுதிய பிறகு உலகெங்கும் பலர் பின்பற்றலாயினர். ஒரே செய்தியை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடத்திலும், பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடத்திலும், கடைசியில் இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்திலும் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் சொல்வது சலிப்பதில்லை. சொல்ல வேண்டியது ஒன்றே என்பதால் அடுத்து என்ன என்று தேட வேண்டியதில்லை. நேஷனின் ஆய்வில் தயக்கங்கள் குறைந்து பேச்சின் வேகம் கூடியதோடு, திரும்பத் திரும்ப வந்த இடங்களில் இலக்கணமும் ஓரளவு திருந்தியிருந்தது.

பதின்பருவத்தினரின் அறிமுகத்துக்கு நான்கு நிமிடம் மிக நீளம் என்பதால், 90 நொடி, 60 நொடி, 45 நொடி என்று சுருக்கிக்கொள்கிறேன். மாணவர்கள் எதிரெதிரே இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். ஒரு வரிசை அசையாமல் நிற்க, மற்றது ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி நகர்கிறது. வகுப்பில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் பேசுவதால் எழும் இரைச்சல் இந்தப் பயிற்சியின் பெரிய வரம். அந்த இரைச்சலில் தன் பிழையை எதிரே நிற்கும் ஒருவரைத் தவிர வேறு யாரும் கேட்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதுகாப்பில், வழக்கமாக வாய் திறக்காதவர்கள்கூடப் பேசத் தொடங்குகிறார்கள். மேலும், இரைச்சலை மீறி எதிரில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்றால் குரலை உயர்த்தியே ஆக வேண்டும். உரக்கப் பேசு என்ற அறிவுரையால் முடியாததை அந்த அறையே செய்துவிடுகிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

முதல் சுற்றில் தடுமாறிய ஒருவர் மூன்றாவது சுற்றில் பேசுவதை அருகில் நின்று கேட்பதைவிட மகிழ்ச்சி தரும் தருணம் இந்தத் தொழிலில் அரிது. 90 நொடியை நிரப்ப முடியாமல் விழித்தவருக்கு 45 நொடி போதாமல் போகிறது. நடுவே எந்தப் பாடமும் நடக்கவில்லை. ஒரு விதிகூடக் கற்பிக்கப்படவில்லை. சொன்னதையே மறுபடி சொன்னார், அவ்வளவுதான்.

கேட்பவருக்கும் வேலை கொடுக்காவிட்டால் மேற்சொன்ன அத்தனையும் பாதிதான் பலன் தரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கேட்டவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்பது விதி. அந்தக் கேள்வி, பேசியவர் சொன்னதிலிருந்து எழுந்ததாக இருக்க வேண்டுமே தவிர, எல்லோரிடமும் கேட்கத்தக்க பொதுக் கேள்வியாக இருக்கக் கூடாது. பிறகு நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தான் கேட்டறிந்த வேறொருவரைக் குழுவுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். தன்னைப் பற்றிப் பேசக் கூசுபவர்கள் பிறரைப் பற்றி எளிதாகப் பேசுவதையும், தன்னைப் பற்றிப் பிறர் அக்கறையோடு சொல்வதைக் கேட்டவர் முகம் மாறுவதையும் அப்போது காணலாம். முழு வகுப்பின் முன் பேசுவது இவையெல்லாம் முடிந்த பிறகே வருகிறது, அதுவும் பெரும்பாலும் அடுத்த நாள்.

குரல், நிற்கும் விதம், கைகள் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சொல்ல இருப்பது பெயரைப் பற்றித்தான். ஏறத்தாழ எல்லா மாணவர்களும் தம் பெயரைத்தான் மிக வேகமாகச் சொல்லி விழுங்குகிறார்கள். நமக்கு ஆயிரம் முறை பழகிய சொல் என்பதால் அது கேட்பவருக்குப் புதியது என்பது மறந்துவிடுகிறது. 'ஐ ஆம்' என்ற பிறகு ஒரு சிறு நிறுத்தம், பெயர், மறுபடியும் ஒரு நிறுத்தம். இந்த இரண்டு நிறுத்தங்களைப் பழகியவுடன் மீதிப் பேச்சின் வேகமும் தானே மட்டுப்படுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று நான் வற்புறுத்துவதில்லை. நட்பான முகம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் பேசினால் போதும்.

பதற்றப்படாதே என்ற சொல்லையும் என் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. துடிக்கும் இதயத்தை யாராலும் ஆணையிட்டு அடக்க முடியாது; முடியவில்லை என்றதும் அதுவே இன்னொரு தோல்வியாகிவிடுகிறது. அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பிறர் முன் பேசவோ பாடவோ வேண்டியவர்கள் தம்மை அமைதிப்படுத்த முயன்றதைவிட, தாம் உற்சாகமாக இருப்பதாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டபோது சிறப்பாகச் செய்தார்கள். பதற்றத்திலும் உற்சாகத்திலும் உடல் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் துடிக்கிறது என்பதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது அமைதிக்கு மாறுவதைவிட எளிது. வரிசையில் நிற்கும்போது 'ஐ ஆம் எக்ஸைட்டட்' என்று எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம். முதல்முறை கூச்சத்தோடும் இரண்டாம் முறை சிரிப்போடும் சொல்வார்கள். அந்தச் சிரிப்பும் உதவுகிறது.

பிழை திருத்தம் என்பது பல ஆசிரியர்களோடு நான் கருத்து வேறுபடும் இடம். பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையை நிறுத்தித் திருத்துவது, அந்தப் பிள்ளைக்கு அந்த வாக்கியத்தை மட்டும் கற்பிப்பதில்லை. வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறது. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று ஒருவர் சொன்னால், 'ஓ, யூ ஹேவ் டூ பிரதர்ஸ்?' என்று ஆவலோடு கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். இப்படித் திருத்திச் சொல்வதை மாணவர்கள் கவனிப்பதே இல்லை என்று எதிர்வாதம் உண்டு. அதற்கு ஆதாரமும் இருக்கிறது: ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் தந்த திருத்தங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகையானவையாக இருந்தும், மாணவர்கள் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்வதற்கு அவை மிகக் குறைவாகவே வழிவகுத்தன. மாணவர் தானே சரியான வடிவத்தைத் தேடும்படி தூண்டும் முறைகள் கூடுதல் பலன் தந்தன. அதனால்தான் நான் தூண்டலை அறிமுகம் முடிந்த பின்பு வைத்துக்கொள்கிறேன். சுற்றுகளின்போது காதில் விழுந்த பிழைகளில் பலரும் செய்தவற்றை மட்டும் தேர்ந்து, யார் சொன்னது என்று குறிப்பிடாமல் கரும்பலகையில் எழுதி, எது பொருந்தவில்லை என்று இணை இணையாக யோசிக்கச் சொல்கிறேன். அடுத்த சுற்றில் பலர் தாமாகவே மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆசிரியர் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு, அது மௌனம். மேரி பட் ரோ 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்ததாகக் கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டிய வகுப்புகளில் மாணவர்களின் விடைகள் நீண்டன. விடையே வராமல் போவது குறைந்தது. அந்த ஆய்வுகள் அறிவியல் வகுப்புகளில், தாமறிந்த மொழியில் பேசிய பிள்ளைகளிடம் நடந்தவை. இன்னொரு மொழியில் சொல்லைத் தேடும் பிள்ளைக்கு அதைவிடக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது வெளிப்படை. ஒரு மாணவர் நடுவில் நின்றுவிட்டால், நான் சொல்லை எடுத்துக் கொடுக்காமல் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். பெரும்பாலும் நான்கில் அந்தச் சொல் வந்துவிடும்.

காத்திருத்தல் உயிர்நாடியாக இருப்பது திக்கிப் பேசும் மாணவர்களுக்குத்தான். திக்குதல் உள்ளவர்கள் பலர், சிக்கும் என்று தெரிந்த சொல்லைத் தவிர்த்து வேறு சொல்லைப் போட்டுச் சமாளிக்கப் பழகியிருப்பார்கள். ஆனால் தன் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. அதனால் அறிமுகத்தின் முதல் சொல்லே அவர்களுக்கு மிகக் கடினமான சொல்லாக அமைந்துவிடுகிறது. அப்படி ஒரு மாணவர் இருந்தால் முன்னதாகத் தனியே பேசி, எப்போது பேச விரும்புகிறார், எங்கிருந்து பேச விரும்புகிறார், பெயரை முதலில் சொல்வதா, செய்தியைச் சொல்லிவிட்டுப் பிறகு சொல்வதா என்று அவரையே முடிவு செய்யச் சொல்ல வேண்டும். அவர் வாக்கியத்தை யாரும் முடித்து வைக்கக் கூடாது. மெதுவாகச் சொல், மூச்சை இழுத்துவிட்டுச் சொல் என்ற அறிவுரைகள் நல்லெண்ணத்தில் வந்தாலும் சுமையைக் கூட்டுகின்றன. அவர் சொல்லி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல் இயல்பாகக் கேட்டுக்கொண்டிருக்க வகுப்புக்குக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.

திக்குதல் இல்லாமல் வெறுமனே அமைதியானவர்களிடமும் இதே அணுகுமுறைதான். முழு வகுப்பின் முன் நிற்பது அறிமுகத்தின் ஒரே வடிவம் இல்லை. வீட்டில் கைபேசியில் பதிவு செய்து, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்து அனுப்பலாம்; நால்வர் குழுவோடு நிறுத்திக்கொள்ளலாம்; இருக்கையிலிருந்தே பேசலாம். பதிவு செய்பவர்கள் ஒரு நிமிடப் பதிவுக்காகப் பலமுறை பேசிப் பார்த்திருப்பார்கள் என்பதால், பயிற்சியைத் தவிர்த்ததாக நாம் நினைப்பவர்தான் மற்றவர்களைவிட அதிகம் பயின்றிருப்பார். முதல் பருவத்தில் இதற்கு மதிப்பெண் கிடையாது என்றும் முன்பே அறிவித்துவிடுகிறேன்.

சில மாதங்கள் கழித்து, கேட்பவர்களை மாற்றி இதே பயிற்சியை மீண்டும் நடத்துகிறேன். இம்முறை கேட்பவர்கள் இரண்டு வகுப்பு இளையவர்கள். தம்மைவிடச் சிறியவர்கள் முன் நிற்கும்போது பதின்பருவத்தினர் தாமாகவே நிதானமாகவும் தெளிவாகவும் பேசுகிறார்கள், ஏனென்றால் அங்கே அவர்களுடைய கவலை தம் பிழையைப் பற்றியதாக இராமல், எதிரில் இருக்கும் பிள்ளைக்குப் புரிகிறதா என்பதைப் பற்றியதாக மாறிவிடுகிறது. இளையவர்கள் கேட்கும் கேள்விகள் எந்த அட்டையிலும் இருக்காது. அதற்காக இரண்டு சொற்றொடர்களை மட்டும் முன்னதாகப் பழக்கி அனுப்புகிறேன்: யோசிக்க நேரம் வேண்டுமென்றால் 'லெட் மி திங்க்', கேள்வி புரியாவிட்டால் 'குட் யூ ஸே தட் அகெய்ன்?' இந்த இரண்டும் கைவசம் இருந்தால், எந்தக் கேள்வி வந்தாலும் அவர்கள் ஆங்கிலத்திலேயே தொடர்ந்து பேசுகிறார்கள்.